இரண்டு கோடு சிக்னல்

வளர்மதி பொத்தானை அழுத்திவிட்டாள்.

பத்து ஐம்பத்தைந்துக்கு நாற்பத்துமூன்று பேருடைய அலுவலகக் கணக்குகளும் மூடிக்கொண்டன.

பதினொரு மணிக்கு இணையத்தில் கூட்டம். வேலை போன செய்தியை அங்கே சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் மூடுவதாக ஏற்பாடு. காலையில் முதலாளி மனசை மாற்றிக்கொண்டார். கோபத்தில் யாராவது எதையாவது எடுத்துக்கொண்டு போய்விட்டால்? முதலில் மூடுங்கள், கடிதம் போகட்டும், மிச்சமிருப்பவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

கடிதமும் போனது. அலுவலக மின்னஞ்சலுக்கு.

அதைத்தான் மூடியாயிற்றே!

இது அவளுக்கு உறைத்தபோது கூட்டம் தொடங்கிவிட்டது.

முதலாளி ஹரிகேசவன். அலுவலகமே இல்லாமல், இருநூறு பேரை அவரவர் வீட்டிலேயே வைத்து நிறுவனம் நடத்துவது எப்படி என்று ஊர் ஊராகப் போய்ப் பேசுகிறவர். எங்களுக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை என்பார். கைதட்டுவார்கள். கதவே இல்லாத வீட்டிலிருந்து நாற்பத்துமூன்று பேரைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியாகிவிட்டது. தள்ளப்பட்டவர்களுக்கே அது தெரியாது.

தள்ளிய கை அவளுடையது. ஆள் எடுப்பதும் அனுப்புவதும் அவள் வேலை. மதுரையில், சாப்பாட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்து.

கடிதம் யாருக்கும் போய்ச் சேரவில்லை என்று அவருக்குச் செய்தி தட்டினாள். பதில் வந்தது.

‘பிறகு பார்க்கலாம். யார் போனையும் எடுக்காதீர்கள்.’

போன் அடித்தது.

பிரிட்டோ. சாயல்குடிப் பக்கம் கடலோரக் கிராமம். மூன்று வருஷமாக வாடிக்கையாளர் புகார்களைப் பார்க்கிறவன். அவனை வேலைக்கு எடுத்தவளும் அவள்தான்.

எடுத்தாள்.

"வளர்மதிக்கா, மன்னிச்சிருங்க. நெட்டு போயிருச்சு. ஊர்த் தண்ணித் தொட்டி மேல ஏறிட்டேன்க்கா, லேப்டாப்பத் தூக்கிக்கிட்டு. இங்க ரெண்டு கோடு சிக்னல் இருக்கு. ஆனா பாஸ்வேர்டு தப்புங்குது. பதட்டத்துல நாந்தான் தப்பா அடிக்கிறேன் போல. சார்ட்ட ரெண்டே நிமிசம் சொல்லுங்கக்கா."

மாதத்தில் மூன்று முறை இணைப்பு போனால் எச்சரிக்கைக் கடிதம். உன் இணையம் உன் பொறுப்பு. அந்த விதியை எழுதியவளும் அவளே. அவனுக்கு இந்த மாதம் இரண்டு முறை போயிருந்தது.

ஆத்திரம் வந்தது. முதலாளி மீது. தன் மீது அதைவிட.

சொல்லிவிட வாயெடுத்தாள். தொட்டி மேல் நிற்கிறவனிடம் எதைச் சொல்வது?

"பிரிட்டோ, முதல்ல கீழ இறங்குங்க."

"கீழ நெட்டு கெடைக்காதுக்கா."

"இறங்குங்கன்னா இறங்குங்க. கட் பண்ணாம போனைச் சட்டைப் பையில போட்டுட்டு, ரெண்டு கையாலயும் பிடிச்சு இறங்குங்க."

இரும்பு ஏணியில் செருப்பு இடறும் சத்தம் கேட்டது. பிறகு மூச்சு. பிறகு மறுபடி செருப்பு.

திரையில் ஹரிகேசவன் பேசிக்கொண்டிருந்தார். எதிரே நூற்றைம்பத்தேழு முகங்கள். எல்லோருடைய மைக்கையும் தொடக்கத்திலேயே அவள் அடைத்துவிட்டிருந்தாள். குறுக்கே யாரும் பேசக்கூடாது என்பது அவர் உத்தரவு.

"போறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நேத்தே தனித்தனியா பேசிட்டோம். மனசுவிட்டுப் பேசினோம். புரிஞ்சுக்கிட்டாங்க. சிரிச்ச முகத்தோடதான் போனாங்க."

கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலை ஆட்டுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். இந்த மனுஷன் தொட்டிலைக்கூட ஆட்டவில்லை. பிள்ளை சிரித்தது என்கிறார்.

பேசினோமாம். அதில் அவளையும் சேர்த்துவிட்டார்.

பொய் சொல்லும்போது குரல் ஒரு இடத்திலாவது பிசிறும் என்று காத்திருந்தாள். பிசிறவே இல்லை.

"இறங்கிட்டேன்க்கா."

"தரையில நிக்கிறீங்களா?"

"நிக்கிறேன். ஏன்க்கா?"

"உங்க நெட்டுல ஒரு கோளாறும் இல்ல. பாஸ்வேர்டும் சரியாத்தான் அடிச்சிருக்கீங்க. உங்களை வெளிய தள்ளிப் பூட்டியிருக்கு பிரிட்டோ. பூட்டினது நான். ஏன்னு சார்ட்டயே கேளுங்க. கூட்டத்துல எல்லாரும் இருக்காங்க."



அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மடிக்கணினியை ஒட்டி வைத்தாள். தன் மைக்கைத் திறந்தாள்.

ஹரிகேசவன் அடுத்த காலாண்டைப் பற்றி ஆரம்பித்திருந்தார்.

"சார், வணக்கம். பிரிட்டோ பேசுறேன்."

அவர் நிறுத்தினார்.

"என்னைய ஏன் சார் பூட்டுனீங்க? எங்கிட்ட யாருமே ஒண்ணும் சொல்லலையே சார்."

ஹரிகேசவன் திரைக்கு நெருங்கி வந்து, மேலும் கீழுமாக எதையோ தேடினார். மைக்கை மூடும் அதிகாரம் கூட்டத்தைத் திரையில் நடத்திக்கொடுக்கும் அவளுக்கு மட்டும்தான். இந்த மாதிரி சில்லறை வேலைகளை அவர் எப்போதும் அவளிடமே விட்டுவிடுவார்.

"சார்?"

போனில் இன்னொரு அழைப்பு வந்து காத்திருந்தது. ராஜபாளையம் சுகந்தி, நாற்பத்துமூன்று பேரில் இன்னொருத்தி.

அவளையும் இணைத்துக்கொண்டாள்.