நானூத்தி எழுபது கிராம்

"தராசு உங்களுது, கணக்கும் உங்களுது. நாங்க என்ன இளிச்சவாயங்களா?"

காலை பத்தரை மணிக்குக் கும்பகோணத்து கூரியர் ஆபீஸ்ல ஷீபா போட்ட சத்தத்துல, வரிசையில நின்ன நாலு பேரும் கையிலிருந்த போனை மறந்துட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பிச்சாங்க.

கவுன்ட்டர்ல இருந்த அப்துல் ஹமீது நிதானமான மனுஷன். "என்ன பிரச்சினைன்னு சொல்லுங்கம்மா."

"ஆன்லைன்ல ஈயச் சொம்பு விக்கிறேன் பாய். பெட்டியோட நானூத்தி எழுபது கிராம். கடை ஆரம்பிச்ச அன்னிக்கு என் கையால எடை போட்டுப் பதிஞ்சது. அரை கிலோ ரேட்தானே வரணும்? நீங்க நடுவுல ரெண்டு பார்சலை மட்டும் எடை போட்டு ஐநூறுக்கு மேலன்னு அடிச்சு விட்டிருக்கீங்க. அந்த ஆன்லைன் கம்பெனிக்காரன் என்னைப் பொய் எடை போடுறவள்னு எழுதிட்டான். இன்னும் ஒரு தடவை வந்தா கடையையே மூடிடுவானாம்!"

சும்மா மிரட்டல் இல்ல அது. துபாய்ல புருஷன் கிளாட்சனுக்கு வேலை போய் ஊர் திரும்பி எட்டு மாசம் ஆச்சு. வேற வேலை தேடி அலையிறான். வீட்டுல அடுப்பு எரியறது அந்தச் சொம்புக் கடையாலதான்.

"சொம்பு என்னம்மா விலை?" வரிசையில ஒருத்தர் இடையில புகுந்தார்.

"தொள்ளாயிரம். அனுப்ப எழுபது, பேக்கிங் அம்பது. எங்கிட்ட எல்லாம் பக்காவா இருக்கும், உங்க ஆளுங்க மாதிரி இல்ல!"

'உங்க ஆளுங்க'ன்னு வரிசையில நின்ன தன்கிட்ட ஏன் சொன்னாள்னு அவருக்கும் புரியல. பாவம், மறுபடி போனை எடுத்துக்கிட்டார்.

"இன்னிக்குப் பார்சல் கொண்டாந்திருக்கீங்களா? வைங்க" என்றார் ஹமீது.

வச்சாள். ஐநூத்தி இருபத்தஞ்சு.

"பாத்தீங்களா! தராசுலயே கோளாறு!"

ஹமீது பார்சலை இறக்கினார். அரை கிலோ எடைக்கல்லை எடுத்து வச்சார். சரியா ஐநூறு காட்டுச்சு.

ஷீபாவுக்கு முகம் சிவந்துபோச்சு. ஆனாலும் விடுவாளா? "ஆகாத செலவை ஆச்சுன்னு சொல்லிக் காசு வாங்குறது பச்சைத் திருட்டு பாய்! ஒரு ரூபான்னாலும் திருட்டுதான்!"

"பிரிச்சுப் பார்த்துடலாமாம்மா?"

"தாராளமா!"

பிரிச்சாங்க. சொம்புக்குள்ள நியூஸ்பேப்பர்ல மடிச்சு, நூல் சுத்தி, சின்னதா ஒரு பொட்டலம். அவிழ்த்தா அரிசி! ஒரு பிடி இருக்கும்.

வரிசையில யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க.

ஷீபாவுக்கு அப்பதான் உறைச்சுது. போன வாரம் சொம்பு வாங்கின யாரோ ஒரு அம்மா, 'அரிசி வச்சு அனுப்புனது மனசுக்கு நிறைவா இருந்துச்சு'ன்னு எழுதியிருந்தாங்க. கடை மாத்தி எழுதிட்டாங்கன்னு நினைச்சிருந்தாள்.

"இன்னும் ஸ்கேன் பண்ணல, எடை பதிவாகலம்மா. அதை எடுத்துட்டு ஒட்டிக் குடுங்க" என்று டேப்பை நீட்டினார் ஹமீது.

மறுபடி வச்சாள். நானூத்தி எழுபது. கடை தப்பிச்சுது.

"ஸாரி பாய்" என்றது அவருக்கே கேட்டிருக்காது.

பொட்டலத்தோட வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூட கழட்டல. கூடத்துல தங்கமணி சம்மணம் போட்டு உட்கார்ந்து சொம்புகளுக்கு பபுள் கவர் சுத்திக்கிட்டிருந்தாள். நடவு, களையெடுப்பு இல்லாத நாள்ல இங்கே பேக்கிங் வேலை. பார்சலுக்கு அஞ்சு ரூபா.

"யாரு வச்சதுக்கா இது?"

"நான்தாம்மா." தங்கமணி சாதாரணமாத்தான் சொன்னாள். "பாத்திரத்தை வெறுமனே ஒரு வீட்டுக்கு அனுப்பலாமா?"

"இது என்ன, சீர் வரிசையா? காசு குடுத்து வாங்குறாங்கக்கா! உன் ஒரு பிடி அரிசியால இன்னிக்கு என் கடையே போயிருக்கும். ஊர் முன்னாடி அந்த பாயைத் திருடன்னு சொல்லாத குறையாப் பேசிட்டு நிக்கிறேன். போதும்மா சாமி, நாளையிலேர்ந்து நீ வர வேணாம்!"

தங்கமணியோட கை அப்படியே நின்னுபோச்சு. மெதுவா எழுந்து புடவையை உதறிக்கிட்டாள்.

வாசல் வரைக்கும் போனவளை ஷீபாவே நிறுத்தினாள். "ஆமா, யார் வீட்டு அரிசி அது? என் அடுப்படியில எடுத்ததா?"

"ஐயய்யோ! உங்க பானையில கை வைப்பேனாம்மா? என் காசுல வாங்குனது. ரேஷன் அரிசியை அனுப்புனா உங்களுக்குத்தானே அசிங்கம்? அதான் கடையில பொன்னி அரிசியாப் பார்த்து வாங்குனேன்."

"உன் காசுலயா? உனக்கு எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை?"

தங்கமணி சொல்லலாமா வேணாமான்னு தயங்கினாள்.

"போன மாசம் நீங்க குளிச்சிட்டிருந்தப்ப ஒரு போன் வந்துச்சும்மா. சேலத்துலேர்ந்து ஒரு அம்மா. 'அனுப்ப எழுபது சரி, பேக்கிங்னு தனியா அம்பது வாங்கியிருக்கீங்களே, அப்படி உள்ள என்னதான் வச்சீங்க?'ன்னு கேட்டாங்க. பேக்கிங் பண்ற எனக்கு அஞ்சு ரூபான்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஷீபா கையிலிருந்த பொட்டலத்தைப் பார்த்தாள்.

"உங்களைத் திருடின்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டாங்கம்மா. அந்தச் சொல் இன்னொரு தடவை உங்க மேல விழுந்துடக் கூடாதேன்னுதான், சொம்புக்கு ஒரு பிடி வச்சேன்."