எட்டு எம்.எம். கம்பி

"எல்லாம் எதிர் வீட்டுக்காரன் வேலை! நான் மாடி எடுத்ததுலேர்ந்து அவனுக்கு வயித்தெரிச்சல்."

வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். எதிரே செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் வாளியை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

புகார்க் கடிதத்தோடு வந்த கட்டட ஆய்வாளர் வேறெதையும் பார்க்கவில்லை. நேரே மாடியேறி, புது பால்கனி சுவரோடு சேரும் இடத்தைத் தட்டிக் காட்டினார்.

"இங்க கொத்துங்க மேஸ்திரி."

மேஸ்திரி உளியை வைத்துக் கொத்தினார். கான்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிந்தது. ஆய்வாளர் அளந்தார்.

"பிளான்ல பன்னெண்டு எம்.எம். நீங்க போட்டிருக்கறது எட்டு. நாலு பேர் சேர்ந்து நின்னா தாங்காது. இடிச்சுட்டுத் திரும்பக் கட்டுங்க. அதுவரைக்கும் மாடியில யாரும் குடிவரக் கூடாது."

"சார், அடுத்த வாரம் என் பொண்ணு ரெண்டு பிள்ளைங்களோட வர்றா. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க."

ஆய்வாளர் நோட்டீஸில் கையெழுத்துப் போட்டு நீட்டினார். அவ்வளவுதான், இறங்கிப் போய்விட்டார். ஈவிரக்கமில்லாத மனுஷன்!

வீட்டுக்காரர் தலையில் கைவைத்தபடி சிமென்ட் மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"பார்த்தியா மேஸ்திரி? அக்கம்பக்கம் ஒருத்தனையும் நம்ப முடியல. எனக்குன்னு இருக்கறது நீ ஒருத்தன்தான்."

மேஸ்திரி உளியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டு மேலே வந்த மனைவி கேட்டாள்: "என்னங்க, எதிர் வீட்டுக்காரரை எதுக்குத் திட்டறீங்க? கான்கிரீட் போட்ட அன்னிக்கு அவர் ஊர்லயே இல்ல. உள்ள என்ன கம்பி கிடக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

வீட்டுக்காரருக்குச் சுருக்கென்றது.

'கான்கிரீட்டுக்குள்ள எவன் எட்டிப் பார்க்கப் போறான்? எட்டே போடு' என்று அன்றைக்குச் சொன்னவர் அவரேதான். அப்போது பக்கத்தில் நின்றது ஒரே ஒரு ஆள்.

மெதுவாகத் திரும்பினார்.

"மேஸ்திரி... நீயா?"

மேஸ்திரியின் கண்கள் கலங்கியிருந்தன. ஆனாலும் தலை குனியவில்லை.

"உங்க பேரப்பசங்க குதிச்சு விளையாடற இடம் சார். மூணு தடவை உங்ககிட்ட சொன்னேன். நாலாவது தடவைதான் ஆபீசர்கிட்ட சொன்னேன்."