நாற்பத்தொன்றாவது துண்டு

ஓர் ஆய்வுக்கூடத்து மூலையில் கிடந்த பழைய கணினியிடம் ஒரு பாட்டு நூறு துண்டுகளாக இருந்தது. இணையம் வழியாகக் கேட்டு வந்த கணினிகளுக்கெல்லாம் அது அள்ளிக் கொடுத்தது. "முழுசா கிடைச்சதும் நானும் உன்கூட நின்னு மத்தவங்களுக்குக் கொடுக்கறேன்" என்று ஒவ்வொன்றும் சொல்லும். நூறாவது துண்டு வந்ததும் இணைப்பை அறுத்துக்கொண்டு போய்விடும்.

வருடங்கள் போயின. பழைய கணினியிடமிருந்த நாற்பத்தொன்றாவது துண்டு கெட்டுப்போனது. "நான் கொடுத்ததுதான், யாராவது திருப்பிக் கொடுங்களேன்" என்று தினமும் வலையெங்கும் கூப்பிட்டது. பதில் இல்லை.

ஒருநாள் ஒரு மடிக்கணினி வந்தது. தொண்ணூற்றொன்பது துண்டுகளை வாங்கிக்கொண்டு, "மிச்சம் ஒண்ணு யார்கிட்ட இருக்கு?" என்றது.

"போனவங்க எல்லார்கிட்டயும் இருக்கு."

"அப்ப அது கிடைக்கற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."

அன்றோடு பழைய கணினி கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது.