முங்கிய கோடு

"கோடு முங்கியிருக்கு கேப்டன். இப்படியே இந்தக் கப்பல் கிளம்ப முடியாது."

கப்பல்துறையின் விளிம்பில் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தாள் கப்பல் ஆய்வாளர். முப்பது வயதுகூட இருக்காது. கப்பலின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு வட்டமும் நடுவே ஒரு கோடும் உண்டு. எவ்வளவு சரக்கு ஏற்றினாலும் கடலில் அந்தக் கோடு தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும். இப்போது அது ஒரு சாண் ஆழத்தில் கிடந்தது.

கேப்டன் சிரித்தார். "மேடம், நாம ஆத்து முகத்துவாரத்துல நிக்கிறோம். நல்ல தண்ணிக்கு அடர்த்தி கம்மி, கப்பல் கொஞ்சம் கூடத்தான் இறங்கும். கடலுக்குப் போனதும் உப்புத் தண்ணி தானா ஒரு சாண் தூக்கி விட்டுடும். சட்டமே அதுக்கு இடம் கொடுக்குது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். ஆனா இது நல்ல தண்ணியா இருக்கணுமே?"

"காலையிலேயே அளந்தாச்சு. தம்பி, சொல்லுப்பா."

துணைக் கேப்டன் முன்னால் வந்தான். இந்தப் பயணத்துக்குத்தான் கப்பலில் புதிதாக ஏறியவன். "ஆமா மேடம். மழைக்கு ஆறு நிறைஞ்சு ஓடுச்சு. துளி உப்பு இல்ல. அந்தக் கணக்குலதான் சிமெண்ட் மூட்டைய ஏத்தினோம்."

"அது காலையில. இப்ப கடல் உள்ள ஏறிட்டிருக்கு. ஒரு வாளி மொண்டு கொடுங்க."

அவன் கயிற்றில் வாளியை இறக்கினான். கேப்டன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"ஞாயித்துக்கிழமை என் பொண்ணுக்குக் கல்யாணம்டா தம்பி. அடுத்த துறைமுகத்துலதான் எனக்குப் பதில் ஆள் ஏறுவார். இன்னிக்கு மதியத்துக்குள்ள கிளம்பினாதான் அங்கேருந்து விமானம் பிடிச்சு நான் வந்து சேர முடியும். பார்த்துச் சொல்லு."

துணைக் கேப்டன் வாளியை மேலே இழுத்தான். அந்தத் தண்ணீரில், உப்பை அளக்கும் கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டான். நல்ல தண்ணீரென்றால் அது ஆழ இறங்கும்; உப்பு கூடக் கூட மேலே எழும்பும். குழாய் பாதி எழும்பி நின்று ஆடியது.

"நல்ல தண்ணிதான் மேடம்," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் விரலை வாளியில் நனைத்து நாக்கில் வைத்தாள். "கரிக்குதே?" என்று சொல்லிவிட்டு, அவளே குனிந்து குழாயைப் பார்த்தாள். அவனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"பாதி உப்பு. கடலுக்குப் போனா அரைச் சாண்தான் எழும்பும். மீதி அரைச் சாண் முங்கியேதான் இருக்கும். இருநூறு டன் இறக்குங்க."

கேப்டனின் முகம் சிவந்தது. "இருநூறு டன்னா? இறக்கி முடிக்கப் பொழுது போயிடும். நடுக்கடல்ல அலையே ஆள் உயரம் வரும். இந்த அரைச் சாணை யாரு பார்க்கப் போறா?"

"அந்த அலைதான் பார்க்கும்."

"வேற ஆய்வாளரே கிடைக்கலையா உங்க ஆபீஸ்ல?"

"இருந்தவர் லீவு. நான் போக மாட்டேன்னுதான் சொன்னேன். கேட்கலை."

"என் பொண்ணு கல்யாணத்துக்கு நான் போகணும். அதையாவது யோசிச்சியா?" கோபத்தில் 'மேடம்' காணாமல் போயிருந்தது. பதிலுக்குக் காத்திராமல் ஏணிப்படியில் தடதடவென்று ஏறிப் போய்விட்டார்.

துணைக் கேப்டனுக்குப் பொறுக்கவில்லை. "மேடம், நான் பொய் சொன்னது தப்புதான். ஆனா அந்த மனுஷனைப் பாருங்க. உங்களுக்கும் ஒரு அப்பா இருப்பார்ல?"

"இருக்கார். அதனாலதான் இறக்கச் சொல்றேன்."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை, மனசுதான் கல் என்று அவன் நினைத்துக்கொண்டான். கிரேன்காரருக்குக் கையைக் காட்டினான்.

மூட்டைகள் கட்டுக் கட்டாக இறங்கின. சிமெண்ட் தூசி எல்லார் தலையையும் நரைக்க வைத்தது. நிழலில் போய் உட்காரச் சொன்னதற்கு வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, வெயிலிலேயே நின்றுகொண்டிருந்தாள் அவள். நடுவில் இரண்டு தடவை கப்பல்துறையின் கோடிக்குப் போய்ப் போனில் யாரிடமோ கெஞ்சும் குரலில் பேசிவிட்டு வந்தாள். கேப்டன் மேலேயிருந்து இறங்கவே இல்லை.

வெயில் சாயும்போது கடைசிக் கட்டும் இறங்கியது. இன்னொரு வாளி தண்ணீர் மொண்டு அளந்தார்கள். இந்த முறை துணைக் கேப்டன் உள்ளது உள்ளபடி சொன்னான். கணக்கு சரியாக வந்தது. அவள் கையெழுத்துப் போட்டாள்.

சான்றிதழை வாங்கக் கேப்டன் இறங்கி வந்தார். காலையில் இருந்த மிடுக்கு இல்லை. தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்தார்.

"காத்து பலமா அடிக்குமாம்," என்றார், தரையைப் பார்த்தபடி. "இறக்கினது நல்லதுதான். ஆனா நான் வந்து சேரத் திங்கக்கிழமை ஆயிடும். கல்யாணம் முடிஞ்சுபோயிருக்கும்."

துணைக் கேப்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இந்தப் பெண் இதற்கு என்ன சொல்லிவிடப் போகிறாள்?

"கல்யாணத்தைப் புதன்கிழமைக்கு மாத்தியாச்சு. மாப்பிள்ளை வீட்லயும் சரின்னுட்டாங்க," என்றாள் அவள். அதுவரை அதிராத குரல் அப்போதுதான் உடைந்தது. "பத்திரமா வந்து சேருங்க. நீங்க இல்லாம நான் மேடை ஏற மாட்டேன்ப்பா."