தாமதமாக வந்த தண்ணீர்

வழக்கமான நேரத்துக்கு ஒருவர் வரவில்லை என்றால், இனி வரவே மாட்டார் என்று நீங்கள் முடிவு கட்டியதுண்டா? ஒரு மடவை மீன் அப்படித்தான் முடிவு கட்டியது.

காலையில் பாசி தின்ன வந்த மீன், கடல் இறங்கியதும் பாறைக் குழியில் மாட்டிக்கொண்டது. வெயிலில் குழி வற்றிக்கொண்டே வந்தது.

"நேத்து பாறை நிழல் இங்க விழும்போதே தண்ணி ஏறிடுச்சு. இன்னைக்கு நிழல் விழுந்து எவ்வளவு நேரமாச்சு! கடல் என்னை மறந்துடுச்சு, தம்பி" என்று பக்கத்தில் இருந்த நண்டிடம் அழுதது.

"நிழல் சூரியனோடது, அக்கா. தண்ணியை அதிகமா இழுக்கிறது நிலா. அது தினமும் முக்கால் மணி நேரத்துக்கு மேல பிந்தி வருது. தண்ணியும் கூடவே பிந்துது."

மீன் அண்ணாந்து பார்த்தது. பகல் வானத்தில் நிலா வெளுத்துப்போய்க் கிடந்தது.

"இதுவா? இது இழுத்தா பாசிகூட அசையாது!"

"மூணு நாளா பாக்கறேன். நிலா அந்தக் கரும்பாறைக்கு மேல வந்தா தண்ணி இங்க வருது. இன்னைக்கும் வரணும். வரலைன்னா நான் நினைச்சது தப்பு."

"உனக்கு அது வெறும் தப்பு. எனக்கு உயிருடா!"

நண்டு ஈரப்பாசியை இழுத்து வந்து குழியை மூடியது. பிறகு நிலாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

நிலா கரும்பாறைக்கு மேல் வந்தது. குழிக்குள் ஜில்லென்று அலை வழிந்தது.

"நல்லா இருப்பே தம்பி! அந்த நிலாவும் நல்லா இருக்கட்டும்! உனக்கு நான் என்ன செய்யட்டும்?"

"அடுத்த கரையிலயும் நிலாவோட சேர்ந்துதான் தண்ணி பிந்துதான்னு பாருங்க, அக்கா. இல்லைன்னாலும் மறைக்காம வந்து சொல்லுங்க."