சாமி பேருக்கு ஓர் அர்ச்சனை

தட்டை வாங்கிய குருக்கள் வழக்கமான கேள்வியைத்தான் கேட்டார்.

"யார் பேருக்கு அர்ச்சனை?"

ராமராஜன் சுற்றும் முற்றும் பார்த்தார். வரப்போகிற மாப்பிள்ளையின் பெயர், நட்சத்திரம் எல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆனால் பெயரைச் சொன்னால் என்ன வேண்டுதல் என்று கேட்பார். அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

"சாமி பேருக்கே பண்ணிடுங்க," என்றார்.

ஏகாம்பரநாதருக்கு அதில் ஆட்சேபணை இருந்ததாகத் தெரியவில்லை.

விஷயம் இதுதான். மகள் அபிநயாவுக்குச் செவ்வாய் தோஷம். அதே தோஷமுள்ள பையனைத் தேடி ராமராஜன் தேய்த்த செருப்புக்குக் கணக்கில்லை. பட்டுக் கடையில் நின்று ஊரான் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் முகூர்த்தப் புடவை விரித்துக் காட்டுகிறவர் அவர். சொந்தப் பெண்ணுக்கு ஒன்று எடுக்க வழியில்லையே என்று கடையின் சரக்கறைக்குள் போய் அழுததும் உண்டு.

கடைசியில் வந்தான் கதிர்வேல். ஜெர்மனியில் வேலை.

செவ்வாய் ஆயுதத்துக்கு உரிய கிரகம், பையனுக்கு அதுதான் சோறு போடும் என்றார் ஜோசியர். சரியாகத்தான் சொன்னார். மேற்கத்திய நாடுகள் உக்ரைனுக்கு இனாமாகக் கொடுத்த டாங்கிகள், அடிபட்டால் கதிர்வேலின் கம்பெனிக்குத்தான் திரும்பி வரும். அவன் பழுது பார்த்து அனுப்புவான். மறுபடியும் அடிபட்டு வரும்.

ஒரே ஒரு சிக்கல். அந்த உதவி தொடர்கிற வரைக்கும்தான் ஒப்பந்தம். யுத்தம் நின்றால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். வேலை நிலைத்தால்தான் தையில் கல்யாணம் என்று, நிச்சயதார்த்தத் தாம்பூலத்தைக் கையில் வைத்துக்கொண்டே சொல்லிவிட்டாள் பையனின் அம்மா.

அன்றிலிருந்து ராமராஜன் போர் நிபுணர். எந்த நாடு எந்த டாங்கியைக் கொடுக்கிறது, எது என்ன எடை, எது சேற்றில் சிக்கும் என்றெல்லாம், புடவை எடுக்க வந்தவர்களுக்கு விளக்குவார். எங்கோ ஒரு பார்லிமென்டில் ராணுவ உதவியை நிறுத்தி வைத்தால், இங்கே இவருக்கு இரவுச் சாப்பாடு இறங்காது. பேச்சுவார்த்தை என்ற சொல் டிவியில் வந்தாலே நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

நேற்று இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்காரப் போவதாகச் செய்தி. கல்யாண மண்டபம் பேசி முடித்துவிட்ட மனிதர் வேறெங்கே போவார்?

அதிலும் இன்றைக்கென்று பார்த்துப் பிராகாரத்தில் உலக சமாதான ஹோமம். புகை கண்ணைக் கரித்தது.

பக்கத்தில் மனைவி கிருஷ்ணம்மாள் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்தாள்.

"எல்லாரும் நல்லா இருக்கணும்பா, ஏகாம்பரநாதா."

ராமராஜன் முழங்கையால் இடித்தார்.

"நம்ம வூட்டுக்கு மட்டும் வேண்டிக்கோ. ஊரு உலகத்தையெல்லாம் எதுக்கு இஸ்துக்கினு இருக்குற?"

குருக்கள் போதாக்குறைக்கு மந்திரத்தை லோக க்ஷேமத்தில் கொண்டுபோய் முடித்தார். ராமராஜனுக்குச் சுருக்கென்றது. தன் விண்ணப்பத்தை அது அடித்துவிடுமோ என்ற பயம். தீபாராதனை காட்டுகிற நேரத்தில் அவசர அவசரமாகச் சாமியிடம் பேரம் பேசினார். நிரந்தரமாக வேண்டாம். இன்னும் இரண்டு வருஷம் மட்டும் யுத்தம் ஓடட்டும். யாரும் சாகாமல் ஓடினால் இன்னும் நல்லது.

கோபுர வாசலுக்கு வெளியே வந்து செருப்பை மாட்டும்போது போன் அடித்தது. கதிர்வேல்தான்.

"மாமா, காண்ட்ராக்ட்ட மூணு வருஷத்துக்கு நீட்டிட்டாங்க."

"மூணு வருஷமா?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டார். கண் கலங்கிவிட்டது. கேட்டதற்கு மேலே ஒரு வருஷம் போட்டுக் கொடுத்திருக்கிறார் சாமி. அங்கிருந்தபடியே ஒற்றைக் கையால் கோபுரத்தைக் கும்பிட்டார்.

கதிர்வேல் விடாமல் பேசிக்கொண்டிருந்தான்.

"முன்ன மாதிரி இல்ல மாமா. கையகல டிரோன் வந்து வுழுந்து, அவ்ளோ பெரிய டேங்க ஒக்கார வச்சிடுது. தினம் அத்தனை அடிபடுது. ஜெர்மனி வரைக்கும் இழுத்துக்கினு வர நேரம் இல்லியாம். அதனால எங்கள அங்கயே அனுப்புறாங்க. சண்டை நடக்கிற எடத்துக்குப் பக்கத்துலயே ஒர்க்‌ஷாப். கல்யாணம் ஆன அடுத்த வாரமே கெளம்பணும். அபிகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிடுங்க மாமா."

போன் அணைந்த பிறகும் ராமராஜன் அதைக் காதிலேயே வைத்திருந்தார்.

கிருஷ்ணம்மாளுக்குக் கேட்டது அந்த மூணு வருஷம் மட்டும்தான். முகமெல்லாம் சிரிப்பாக, பொட்டலத்தைப் பிரித்துக் கணவரின் நெற்றியில் விபூதியைப் பூசினாள்.

"பாத்தீங்களா, உங்க வேண்டுதல் வீண்போவல."

கேட்டு வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க எந்தக் கோயிலில் எந்த வரிசையில் நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

எதிரே ஒரு புதுமணத் தம்பதியைக் கோபுரத்தோடு சேர்த்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தலைக்கு மேலே கேமரா டிரோனின் ரீங்காரம் கேட்டது. மாலையும் கழுத்துமாக நின்ற ஜோடி அண்ணாந்து சிரித்தது. போகிற வருகிறவர்களும் நின்று, அண்ணாந்து சிரித்தார்கள்.

ராமராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினார். முன்பின் தெரியாத அந்த மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, பக்கத்துக் கல் மண்டபத்துக்குள் இழுத்தார்.