பதினாறாம் பக்கம் வரை

"இது கட்டுரையா? கடையில விக்கிற கைடைப் பார்த்து அடிச்ச காப்பி!" மாணவியின் தாள்களை மேஜைமேல் வீசினார் பேராசிரியர். "உலகமே நகலாயிடுச்சுன்னு சொல்ற தத்துவத்துக்கே நகலா? அசல் நூலைத் தொட்டாவது பார்த்திருக்கியா?"

"லைப்ரரியில ஒரே பிரதிதான் சார். அது பதினோரு வருஷமா உங்ககிட்ட இருக்காம்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் அசரவில்லை. தலைப்பு வெளியே தெரிகிற மாதிரி எப்போதும் கக்கத்தில் இடுக்கியிருக்கும் புத்தகத்தை எடுத்து நீட்டினார்.

"வரிவரியா உருகிப் படிச்சது. வெள்ளிக்கிழமை இதைப் படிச்சிட்டு வந்து பேசு. துறைத்தலைவரையும் கூப்பிடுறேன். சொதப்பினா இன்டர்னல் மார்க் முட்டை!"

வெள்ளிக்கிழமை காலை முகம் மழித்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்குச் சுரீரென்றது.

அந்தப் புத்தகம் பழைய பாணியில் கட்டிய வெளிநாட்டுப் பதிப்பு. தாள்களின் ஓரம் வெட்டாமல் ஒட்டியே வரும். படிக்கிறவர்தான் கத்தியால் கீறிக்கொண்டே போகவேண்டும். பதினாறாம் பக்கத்தில் தலை சுற்றியதால் அவர் அதோடு நிறுத்தியிருந்தார். மீதி நூற்றெண்பது பக்கத்துக்குக் காற்றே பட்டதில்லை.

பிறகு எப்படிப் பதினோரு வருஷம் பாடம் நடத்தினார்? அதே கைடுதான்.

துறைத்தலைவர் அம்மாள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார். பேராசிரியர் இத்தனை வருஷம் சேர்த்த பேர், அந்த மாணவியின் கையிலிருந்த புத்தகத்துக்குள் இருந்தது.

மாணவி பேச ஆரம்பித்தாள்.

"புது ஃபிளாட் விக்கிறவங்க முதல்ல ‘மாடல் ஹவுஸ்’னு ஒண்ணு காட்டுவாங்க மேடம். டிவி வெறும் அட்டை. குழாயில தண்ணி வராது. நாம நிஜ வீட்டை வாங்கிட்டு, அது அந்த மாடல் ஹவுஸ் போல இல்லையேன்னு புலம்புவோம். போலி உட்கார்ந்து அசலுக்கு மார்க் போடுது. இந்த நூல் சொல்றது இதைத்தான்."

"அடடா, எனக்கே இப்பத்தான் புரியுது!" துறைத்தலைவர் கையை நீட்டினார். "எங்க, அந்தப் புத்தகத்தைக் கொடு."

பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார்.

பக்கங்கள் சரசரவென்று புரளும் சத்தம் கேட்டது. மெதுவாகக் கண்ணைத் திறந்தார். கடைசிப் பக்கம் வரை பிசிறில்லாமல் கீறியிருந்தது. அங்கங்கே பென்சிலால் அடிக்கோடு வேறு.

"எவ்வளவு ஆழ்ந்து படிச்சிருக்கீங்க சார்!" என்றார் துறைத்தலைவர்.

பேராசிரியர் வாயைத் திறப்பதற்குள் மாணவி முந்திக்கொண்டாள்.

"ஆமா மேடம். சார் அடிக்கோடு போட்ட இடங்களை வெச்சுத்தான் எனக்கே புரிஞ்சுது."